பின்வளவு மர டெக்: பாகங்கள், கட்டும் முறை, உக்கும் இடங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வீடு வாங்கியவர்களுக்கு முதல் பெரிய மரவேலை பெரும்பாலும் பின்வளவு டெக்தான், அதாவது வீட்டை ஒட்டி மரத்தால் உயர்த்திக் கட்டும் திறந்த மேடை. விலை கேட்டு ஆள் கூப்பிட்டால் பலகையின் நிறத்தையும் கிராதியின் வடிவத்தையும் காட்டுவார்கள். டெக் விழுவதும் உக்குவதும் அந்த இடங்களில் அல்ல. கீழே, கண்ணில் படாத இணைப்புகளில்தான். அதனால் இந்தப் பக்கத்தில் மேல்பலகையைவிட அடிப்பகுதியைப் பற்றியே அதிகம் இருக்கிறது. மரக்கடையில் அளவுகள் அடி, அங்குலத்தில் இருக்கும். ஒன்ராறியோ கட்டட விதியில் மில்லிமீற்றரில் இருக்கும். இங்கும் அவற்றை அப்படியே தருகிறோம்.

டெக்கின் பாகங்கள் எவை? எது எதைத் தாங்குகிறது?

நீங்கள் நிற்பது மேல்பலகையில். அது ஜாய்ஸ்ட் எனப்படும் வரிசைச் சட்டங்களின் மேல் அறையப்பட்டிருக்கும். ஜாய்ஸ்டின் ஒரு முனை வீட்டுச் சுவரோடு பொருத்திய லெட்ஜர் பலகையில் தொங்கும். மறுமுனை உத்தரத்தின் மேல் அமர்ந்து, ஓரடி போல வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். உத்தரத்தைத் தூண்களும், தூண்களை மண்ணுக்குள் ஊற்றிய ஃபுட்டிங் எனப்படும் கொங்கிரீட் அடித்தளங்களும், ஃபுட்டிங்கை மண்ணும் தாங்குகின்றன. ஜாய்ஸ்ட் முனைகளை மூடி ஓடும் வெளிச் சட்டம் ரிம் ஜாய்ஸ்ட். ஜாய்ஸ்டுகள் சாயாமல் இருக்க இடையில் அடிக்கும் கட்டைகள் பிளாக்கிங். படிக்கட்டின் சாய்ந்த சட்டம் ஸ்ட்ரிங்கர்.

வரைபடம் பார்க்கும்போது மேலே ஒரு ஆளை நிற்க வைத்து, அவருடைய பாரம் எந்த வழியாக மண்ணுக்குப் போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். வழியில் எங்காவது மரம் மரத்தின் மேல் அமராமல் வெறும் ஆணியில் தொங்கினால் அந்த இடத்தைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும்.

2×8 என்று வாங்கினால் அளந்தால் குறைகிறதே?

அது பெயரளவு. சீவி உலர்த்திய பிறகு 2×6 என்பது 1½ × 5½ அங்குலம், 2×8 என்பது 1½ × 7¼, 2×10 என்பது 1½ × 9¼, 2×12 என்பது 1½ × 11¼. 4×4 தூண் 3½ அங்குலம், 6×6 தூண் 5½ அங்குலம். "ஐந்து கால்" என்று சொல்லும் 5/4 பலகை உண்மையில் ஓரங்குலத் தடிப்புத்தான். கணக்குகளை உண்மை அளவில் போடுங்கள்.

நகராட்சி அனுமதி வேண்டுமா?

டெக்கின் மேல்மட்டம் பக்கத்துத் தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு (60 செ.மீ.) மேல் இருந்தால் பெரும்பாலான ஒன்ராறியோ நகராட்சிகளில் கட்டட அனுமதி கட்டாயம். அதற்குக் குறைந்த டெக்குக்கு அனுமதி தேவைப்படாத இடங்களிலும், எல்லையிலிருந்து விட வேண்டிய தூரம் போன்ற நிலப் பயன்பாட்டு விதிகள் பொருந்தும். விண்ணப்பத்துக்கு வளவின் சர்வே, மேலிருந்து பார்க்கும் படம், வெட்டுத்தோற்றம், கிராதி விவரம் கேட்பார்கள். பரிசோதகர் பொதுவாக மூன்று கட்டங்களில் வருவார்: கொங்கிரீட் ஊற்றும் முன் குழி பார்க்க, சட்டவேலை முடிந்ததும், எல்லாம் முடிந்ததும். குழியைக் காட்டாமல் கொங்கிரீட் ஊற்றிவிட்டால் பக்கத்தில் தோண்டிக் காட்டச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

ஃபுட்டிங் குழி ஏன் 4 அடி ஆழம்?

தெற்கு ஒன்ராறியோவில் குளிர்காலத்தில் மண் உறையும் ஆழத்தை 1.2 மீற்றர், அதாவது 4 அடி என்று வைத்துக் கட்டுகிறார்கள். மண்ணில் உள்ள நீர் உறையும்போது விரிந்து, தன் மேலே இருப்பதைத் தூக்கும். ஃபுட்டிங்கின் அடி உறையும் மட்டத்துக்குக் கீழே இருந்தால் தள்ள எதுவும் இல்லை. இரண்டடிக் குழியில் ஊற்றிய தூண் ஒவ்வொரு மாரியிலும் சிறிது எழும்பி, வசந்தத்தில் அதே இடத்துக்கு இறங்காமல் நின்றுவிடும். சில வருடங்களில் டெக் ஒரு பக்கம் சாய்ந்து, லெட்ஜர் போல்ட்டுகள் இழுபடத் தொடங்கும்.

ஆழம் சரியாக இருந்தும் தூண் எழும்புவது உண்டு. குழியின் வாய் அகன்று, கொங்கிரீட் காளான் தலை போலப் பரவியிருந்தால் உறைந்த மண் அந்த விளிம்பைப் பிடித்துத் தூக்கும். மட்டைக் குழாய் அச்சை மேல்வரை போட்டு, பக்கங்களை வழவழப்பாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

தோண்டும் முன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்து, எரிவாயு, மின், தொலைபேசிக் குழாய்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். இது சட்டம், கட்டணம் இல்லை. அமெரிக்காவில் 811 எண்.

12 அங்குலக் குழாய் போதாதா?

பல வேளைகளில் போதாது. பெரும்பாலான டெக்குகளில் தவறுவது இந்தக் கணக்குத்தான். 12 அடி ஆழமும் (வீட்டிலிருந்து வெளியே நீளும் தூரம்) 16 அடி அகலமும் உள்ள ஒரு டெக்கை எடுத்துக்கொள்வோம். உத்தரம் வீட்டிலிருந்து 10 அடி 8 அங்குலத்தில். ஜாய்ஸ்ட் அதற்கு அப்பால் 16 அங்குலம் நீட்டியிருக்கிறது. தூண்கள் மூன்று, 7 அடிக்கு ஒன்று, இரு முனையிலும் உத்தரம் ஓரடி வெளியே.

நடுத்தூணுக்கு வரும் பரப்பு: அகலம் 7 அடி. ஆழம், லெட்ஜர்வரை உள்ள தூரத்தில் பாதியான 5 அடி 4 அங்குலமும் நீட்டிய 16 அங்குலமும் சேர்த்து 6 அடி 8 அங்குலம். மொத்தம் ஏறத்தாழ 47 சதுர அடி. சதுர அடிக்கு 40 பவுண்டு ஆள் பாரம், 10 பவுண்டு மரத்தின் பாரம் என்று 50 பவுண்டு வைத்தால் 2,330 பவுண்டு. 12 அங்குல வட்டத்தின் பரப்பு 0.785 சதுர அடி. அப்படியென்றால் மண்ணின் மேல் சதுர அடிக்கு ஏறக்குறைய 3,000 பவுண்டு இறங்குகிறது. களிமண்ணுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் தாங்குதிறன் 1,500 பவுண்டு.

உத்தரம் நடுத்தூணின் மேல் ஒட்டில்லாமல் நீளமாக ஓடினால் நடுத்தூணுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வரும். ஆகவே அடிப்பகுதி 20 அங்குலமாவது அகன்ற மணி வடிவ அச்சை வைத்து, அதன் மேல் 12 அங்குலக் குழாயை ஏற்றுவது சரியான வழி. அகன்ற அடி மண்ணுக்குள் நங்கூரமாகவும் நிற்கும்.

எத்தனை மூட்டைக் கொங்கிரீட்?

30 கிலோ கலவை மூட்டை ஒன்று ஏறத்தாழ அரைக் கன அடி தரும். 12 அங்குலக் குழாய் 4 அடிக்கு 3.14 கன அடி. அடி மணியும் தரைக்கு மேல் நிற்கும் 6 அங்குலமும் சேர்த்தால் 4 கன அடி. ஒரு குழிக்கு 8 மூட்டை கணக்கு வரும், 9 வாங்குங்கள். மூன்று குழிக்கு 27. பாதி ஊற்றி அடுத்த நாள் மீதியை ஊற்றினால் நடுவில் பிளவு விழும். ஒரு குழியை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். கொங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே தூண் அடிக்கொளுவியின் போல்ட்டை நட்டுவிடுங்கள்.

தூணை நேரே கொங்கிரீட்டுக்குள் புதைக்காதீர்கள். மரம் சுருங்கி இடைவெளி விழும், மழைநீர் அதற்குள் இறங்கித் தேங்கும், தரை மட்டத்தில் தூண் உக்கும். மரத்தின் அடியைக் கொங்கிரீட்டிலிருந்து ஓரங்குலமாவது உயர்த்திப் பிடிக்கும் உலோகக் கொளுவி போடுங்கள்.

எங்கள் வீட்டுச் சுவர் செங்கல். அதில் லெட்ஜரைப் போல்ட் அடிக்கலாமா?

கூடாது. ஒன்ராறியோ வீடுகளில் வெளியே தெரியும் செங்கல் பெரும்பாலும் பாரம் தாங்கும் சுவர் அல்ல. அது ஒற்றை வரிச் செங்கல் போர்வை. அதற்கும் உள்ளே இருக்கும் மரச்சட்டச் சுவருக்கும் நடுவில் ஓரங்குலம் போல வெற்றிடம் இருக்கும். மெல்லிய தகட்டுப் பட்டிகள் மட்டுமே இரண்டையும் பிடிக்கின்றன. அந்தச் செங்கலில் டெக்கைத் தொங்கவிட்டால், தன் பாரத்தை மட்டும் தாங்க எழுப்பிய சுவர் டெக்கின் பாதிப் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கும். செங்கலை ஊடுருவி உள்ளே இருக்கும் சட்டத்துக்கு நீண்ட போல்ட் போட்டாலும் தீராது. வெற்றிடத்தில் போல்ட் வளையும். துளை வழியே நீரும் போகும். அமெரிக்க மர மன்றத்தின் டெக் வழிகாட்டியான டிசிஏ 6 செங்கல், கல் போர்வையில் லெட்ஜர் பொருத்துவதை வெளிப்படையாகவே தடுக்கிறது. "எல்லோரும் இப்படித்தான் அடிக்கிறோம்" என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள்.

உள்ள வழிகள் இரண்டு. டெக் தாழ்வாக இருந்து, செங்கல் தொடங்குமிடத்துக்குக் கீழே கொங்கிரீட் அத்திவாரச் சுவர் போதிய உயரம் தெரிந்தால், லெட்ஜரைக் கொங்கிரீட் ஆங்கர்களால் அதில் பொருத்தலாம். இல்லையென்றால் வீட்டைத் தொடாமல் தன் காலிலேயே நிற்கும் டெக் கட்ட வேண்டும்.

தனித்து நிற்கும் டெக்கில் கவனிக்க வேண்டியது என்ன?

வீட்டுப் பக்கமும் ஒரு உத்தரம், ஒரு வரிசைத் தூண் வரும். சிக்கல் அந்த வரிசையின் மண்ணில் இருக்கிறது. வீடு கட்டியபோது நிலவறைக்காகப் பெரிய குழி தோண்டி, சுவர் எழுந்த பின் பக்கத்து இடைவெளியை மண் போட்டு நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பு மண் ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். 4 அடி தோண்டினாலும் அங்கே கிடைப்பது கலைந்த மண்தான். டிசிஏ 6 சொல்வது இது: வீட்டிலிருந்து 5 அடிக்குள் வரும் ஃபுட்டிங், வீட்டு அத்திவாரத்தின் அடிமட்டத்துக்கே இறங்க வேண்டும்.

எட்டடி தோண்டுவது நடக்கிற காரியம் அல்ல. அதனால் இந்த வரிசைக்குத் திருகுப் பைல் போடுவது நல்லது. இரும்புக் குழாயின் நுனியில் திருகுத் தகடு இருக்கும். இயந்திரத்தால் திருகிக் கெட்டி மண் வரை இறக்கி, திருகுவிசையை அளந்து தாங்குதிறனைக் கணக்கிடுவார்கள். மண் அள்ள வேண்டாம், கொங்கிரீட் உலரக் காத்திருக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, பக்கவாட்டு ஆட்டம். சுவரோடு பிடிக்காத டெக் கூட்டமாக ஆட்கள் நடக்கும்போது ஊசலாடும். தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையில் 45 பாகையில் சாய்வுக் கட்டைகள் போடுங்கள். உத்தரத்திலிருந்து இரண்டடி கீழே தூணைத் தொடும்படி, இரு திசைகளிலும் வேண்டும்.

பலகைச் சுவர் வீட்டில் லெட்ஜரை எப்படிப் பொருத்துவது?

முதலில் வெளிப்பூச்சுப் பலகையைக் கழற்றி, உள்ளே இருக்கும் வீட்டு ரிம் ஜாய்ஸ்ட் திடமான மரமா என்று பார்க்க வேண்டும். சன்னல் மேடைபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் லெட்ஜர் கூடாது. அந்தப் பகுதியே அந்தரத்தில் நிற்கிறது.

ஆணி மட்டும் அடித்த லெட்ஜர்தான் டெக் விழுவதற்குப் பழக்கமான காரணம். ஆணி கீழ்நோக்கிய பாரத்தைத் தாங்கும். வெளியே இழுக்கும் விசைக்கு உருவிக்கொண்டு வந்துவிடும். அது முன்னறிவிப்பு இல்லாமல், ஆட்கள் நிறைந்திருக்கும் நேரத்தில்தான் நடக்கும். அரை அங்குல லாக் ஸ்க்ரூ (போல்ட் தலை உள்ள தடித்த மர ஸ்க்ரூ) அல்லது ஊடுருவும் போல்ட் போடுங்கள், மேலும் கீழுமாக மாறிமாறி. ஜாய்ஸ்ட் 10 முதல் 12 அடிவரை ஓடும் டெக்குக்கு அமெரிக்க வீட்டு விதியில் லாக் ஸ்க்ரூ இடைவெளி 15 அங்குலம். 16 அடி லெட்ஜருக்கு 14 வரும்.

அடுத்தது நீர். லெட்ஜரின் மேல் விளிம்பை மூடி, சுவர்ப் பலகைக்குப் பின்னால் மேலேறி நிற்கும் ஃபிளாஷிங் தகடு இல்லாவிட்டால், சுவரில் வழியும் ஒவ்வொரு மழையும் லெட்ஜருக்குப் பின்னால் போய்த் தங்கும். சிலிக்கோன் பசை அதற்கு ஈடாகாது. சாதாரண அலுமினியத் தகட்டைப் பதப்படுத்திய மரத்தோடு நேரே தொடவிடாதீர்கள். மரத்தில் ஏற்றிய மருந்தில் உள்ள செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். துத்தநாகப் பூச்சிட்ட இரும்புத் தகடு, வைனில், செம்பு ஆகியவை ஏற்றவை.

மரத்துக்குள் சிறைப்பட்ட நீர் என்ன செய்யும் என்பதற்குக் கலிபோர்னியாவின் பெர்க்லியில் 2015 யூன் 16 அன்று நடந்தது சாட்சி. அடுக்குமாடிப் பல்கனி ஒன்றின் ஜாய்ஸ்டுகள் உள்ளேயே உக்கியிருந்தன. பிறந்தநாள் கொண்டாட்டத்தில் நின்றிருந்த 6 இளைஞர்கள் இறந்தார்கள். வெளியே பார்த்தால் அது புதுக் கட்டடம்.

உத்தரத்தைத் தூணின் பக்கத்தில் போல்ட் போட்டால் போதாதா?

போதாது. பக்கத்தில் பொருத்தினால் முழுப் பாரமும் இரண்டு போல்ட்டுகளில் தொங்கும். உத்தரம் தூணின் மேல் அமர வேண்டும், அல்லது தூணில் வெட்டிய பள்ளத்தில் அமர வேண்டும். 6×6 தூணில் 3 அங்குலம் வெட்டினாலும் 2½ அங்குலம் மிஞ்சும். இரட்டைப் பலகை உத்தரம் அதில் சரியாக அமரும். 4×4 தூணில் வெட்ட இடமே இல்லை. எடுத்துக்காட்டாகச் சொன்ன டெக்குக்கு மூன்று 2×10 சேர்த்த உத்தரமும், மேலே உலோகத் தொப்பி போட்ட 6×6 தூணும் போடுங்கள். உத்தரப் பலகைகளில் ஒட்டு வந்தால் அது தூணின் மேல்தான் விழ வேண்டும்.

ஜாய்ஸ்டுக்கு 2×8 போதுமா? இடைவெளி எவ்வளவு?

ஒரு ஜாய்ஸ்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை 16 அங்குல இடைவெளி வைத்தால் 2×8 ஏறத்தாழ 11 அடிவரை தாங்கும். 10 அடி 8 அங்குலம் என்பது அந்த எல்லையை ஒட்டியது. விதிப்படி சரி, ஆனால் நடக்கும்போது துள்ளும். 2×10 போட்டால் செலவு சிறிது கூடும். கால் வைக்கும்போதே வித்தியாசம் தெரியும். பனி அதிகம் விழும் வடபகுதிகளில் பனிப்பாரம் 40 பவுண்டைத் தாண்டலாம். அங்கே உங்கள் நகராட்சி தரும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

இடைவெளியை மேல்பலகை தீர்மானிக்கிறது. 5/4 பலகைக்கும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்த கலவைப் பலகைக்கும் 16 அங்குலம், சாய்வாகப் போட்டால் 12. ஒவ்வொரு சட்டத்தையும் கண்மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். சிறிது வளைந்திருக்கும். வளைவின் மேடு மேலே வரட்டும். பாரம் ஏறும்போது அது நேராகும். உத்தரத்தின் மேல் ஒரு வரிசை, நடுவில் ஒரு வரிசை பிளாக்கிங் அடியுங்கள்.

சட்டம் சதுரமாக நிற்கிறதா என்று பார்க்கக் குறுக்கு மூலை அளவு எடுங்கள். 12க்கு 16 என்றால் இரண்டு மூலைவிட்டமும் சரியாக 20 அடி.

ஹாங்கரில் டெக் ஸ்க்ரூ அடிக்கலாமா?

ஹாங்கர் என்பது ஜாய்ஸ்ட் முனையை லெட்ஜரில் தாங்கிப் பிடிக்கும் உலோகக் கொளுவி. அதில் டெக் ஸ்க்ரூ வேண்டாம். டெக் ஸ்க்ரூ கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மை உள்ளது. பாரத்தில் வளையாமல் தலை பறந்துவிடும். ஹாங்கருக்கென்று குறித்த தடித்த குட்டை ஆணி, அல்லது கட்டமைப்புக்கென்றே செய்த ஹாங்கர் ஸ்க்ரூ போடுங்கள். எல்லாத் துளையிலும் அடிக்க வேண்டும். பாதித் துளை காலியாக விட்ட ஹாங்கரின் தாங்குதிறன் பெட்டியில் எழுதியது அல்ல. சாய்ந்த துளைகளுக்கு நீண்ட ஆணி தேவை. ஜாய்ஸ்டை ஊடுருவி லெட்ஜரைப் பிடிப்பது அதுதான்.

உலோகம் எல்லாம் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பூச்சு உடையதாக இருக்கட்டும். தகட்டுக்கு ஜி185 என்ற தரம். வீட்டுக்குள் போடும் பளபளப்பான மின்பூச்சு ஆணிகளைச் செம்பு சேர்ந்த மரம் சில ஆண்டுகளில் தின்றுவிடும்.

எந்த மரம்?

சட்டவேலைக்கு அழுத்தத்தில் பதப்படுத்திய மரம்தான். மண்ணைத் தொடும் அல்லது தொடும் அளவுக்குத் தாழ்ந்த சட்டத்துக்கு "தரைத் தொடர்பு" என்று முத்திரையிட்டதை எடுங்கள். மருந்து மரத்தின் நடுவரை போவதில்லை. அதனால் வெட்டிய ஒவ்வொரு முனையிலும் செம்பு நாப்தனேற் என்ற மரக்காப்பு மருந்தைப் பூச வேண்டும். இரண்டு நிமிட வேலை, பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. உக்கல் தொடங்குவது அந்த முனைகளில்தான்.

மேல்பலகைக்குச் செடார் அழகானது, மென்மையானது, எளிதில் கீறல் விழும். கலவைப் பலகை பூச்சு கேட்காது. வெயிலில் கால் சுடும். பாரம் தாங்கும் சட்டமாக உதவாது. மேலே எதைப் போட்டாலும் அடிச்சட்டம் அதே பதப்படுத்திய மரம்.

2004க்கு முன் கட்டிய டெக் என்றால் ஆர்சனிக் சேர்ந்த சிசிஏ மருந்து மரமாக இருக்கக்கூடும். வீட்டுப் பயன்பாட்டுக்கு அதை 2003 இறுதியோடு நிறுத்தினார்கள். பழைய பலகையை எரிக்காதீர்கள். சாம்பலில் நஞ்சு தங்கும்.

மேல்பலகை எத்தனை, ஸ்க்ரூ எத்தனை, இடைவெளி எவ்வளவு?

12×16 டெக்கில் பலகை 16 அடி நீளத்தில் ஓடினால் 26 பலகை. வளைந்தது, பிளந்தது கழிக்க 28 வாங்குங்கள். 16 அங்குல இடைவெளிக்கு 13 ஜாய்ஸ்ட். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு ஸ்க்ரூ என்றால் 676. 5/4 பலகைக்கு 2½ அங்குலம், 2×6க்கு 3 அங்குலம். முனைக்கு அருகே முன்துளை போடாவிட்டால் பிளக்கும்.

கடையிலிருந்து ஈரமாக வரும் பதப்படுத்திய பலகையை ஒட்டியே அடிக்கலாம். உலர்ந்ததும் தானே இடைவெளி விடும். உலர்ந்த பலகைக்கு எட்டில் ஒரு அங்குலம் விடுங்கள். ஈரப் பலகைக்குக் கால் அங்குலம் விட்டு அடித்தால் அடுத்த வருடம் காலணிக் குதி மாட்டும். ஜாய்ஸ்டின் மேல் பியூட்டைல் நாடா (ரப்பர் போன்ற ஒட்டு நாடா) ஒட்டினால் ஸ்க்ரூத் துளைக்குள் நீர் இறங்காது. செலவு சிறிது, பலன் பெரிது.

கிராதி எவ்வளவு உயரம்?

தரையிலிருந்து 600 மி.மீ.க்கு மேல் உள்ள டெக்குக்குக் கிராதி வேண்டும். டெக் தரையிலிருந்து 1,800 மி.மீ. வரை உயர்ந்திருந்தால் கிராதி 900 மி.மீ.; அதற்கு மேல் என்றால் 1,070 மி.மீ. கம்பிகளுக்கு நடுவே 100 மி.மீ. பந்து நுழையக்கூடாது, குழந்தையின் தலையை வைத்துப் போட்ட அளவு அது. கிடைக்கம்பிகள் சிறு பிள்ளைகளுக்கு ஏணி ஆகும். நிற்கும் கம்பிகளையே போடுங்கள்.

கிராதித் தூண்தான் கடினமான பகுதி. ஒருவர் 36 அங்குல உயரத்தில் 200 பவுண்டு விசையோடு சாய்ந்தால், நெம்புகோல் விளைவால் கீழே மேல்போல்ட்டில் அதைப்போலப் பல மடங்கு இழுவிசை வரும். டிசிஏ 6 அந்த இணைப்பு 1,800 பவுண்டு இழுவை தாங்க வேண்டும் என்கிறது. ரிம் ஜாய்ஸ்டில் மட்டும் போல்ட் போட்டால் ரிம்மே திரும்பிவிடும். போல்ட்டின் உள்முனையை இழுவைக் கொளுவியால் ஜாய்ஸ்டோடு கட்டுங்கள். தூணின் அடியைப் பாதி வெட்டிப் பொருத்துவது நேர்த்தியாகத் தெரியும். முறியும் இடமும் அதுவே. ஒன்ராறியோவில் எஸ்பி-7 என்ற துணை விதியில் ஏற்றுக்கொண்ட கிராதி வடிவங்கள் படத்தோடு உள்ளன. அதில் ஒன்றை அப்படியே பின்பற்றினால் தனிக் கணக்கு தேவைப்படாது.

படிக்கட்டை எப்படிக் கணக்கிடுவது?

ஒன்ராறியோவில் படி உயரம் 125–200 மி.மீ., மிதிப்பு ஆழம் 255–355 மி.மீ. டெக் 45 அங்குல உயரம் என்றால் 6ஆல் வகுத்து, படிக்கு 7½ அங்குலம். உயரம் 6, மிதிப்பலகை 5. மிதிப்பு 10¼ அங்குலம் வைத்தால் மொத்த ஓட்டம் 51¼ அங்குலம். 8 அடி 2×12 ஒன்றில் ஒரு ஸ்ட்ரிங்கர் வெட்டலாம். வெட்டிய பின் மிஞ்சும் மரம் 5 அங்குலத்துக்குக் குறையக்கூடாது.

அடிக்கடி நடக்கும் பிழை: ஸ்ட்ரிங்கரின் அடியில் மிதிப்பலகையின் தடிப்பைக் கழிக்க மறப்பது. 1½ அங்குலப் பலகை என்றால் அடியிலிருந்து 1½ அங்குலம் வெட்ட வேண்டும். மறந்தால் முதல் படி 9 அங்குலம், கடைசிப் படி 6 அங்குலம் ஆகும். கால் ஒரே தாளத்தில் ஏறும். அந்தத் தாளம் தவறும் படியில்தான் முதியவர்கள் விழுகிறார்கள். ஸ்ட்ரிங்கரின் அடி மண்ணில் நேரே நிற்கக்கூடாது. கொங்கிரீட் தளம் போடுங்கள்.

பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா என்று நிறையப் பேர் வருவார்கள். தாங்குமா? ஹொட் டப் வைக்கலாமா?

சரியாகக் கட்டிய 12×16 டெக் சதுர அடிக்கு 40 பவுண்டில் 7,680 பவுண்டு தாங்கக் கணக்கிட்டது. ஆட்கள் பரவி நின்றால் அது நிறைய. சிக்கல், படம் எடுக்க எல்லோரும் ஒரே மூலையில் நெருங்குவதும் சேர்ந்து ஆடுவதும். சிக்காகோவில் 2003 யூன் 29 அன்று கூட்டம் நிறைந்த மரப் பின்தாழ்வாரம் சரிந்து 13 பேர் இறந்தார்கள். டெக்கின் அடிப்பகுதி உங்களுக்குத் தெரியாத நிலையில் இருந்தால் பெரிய கூட்டத்தைப் புல்தரையில் வையுங்கள்.

ஹொட் டப் வேறு கதை. 400 அமெரிக்கக் கலன் நீர் மட்டும் 3,300 பவுண்டு. தொட்டியும் ஆட்களும் சேர்ந்தால் 5,000 அளவுக்கு வரும். 7×7 அடியில் அது சதுர அடிக்கு 100 பவுண்டு. சாதாரண டெக்கின் கணக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல். தனிக் கொங்கிரீட் தளத்தில் வைப்பதே எளிது.

டெக்கில் பொங்கல் பொங்கலாமா?

விறகு அடுப்பு கூடாது. பொறி பலகை இடுக்கில் விழுந்து, அடியில் உள்ள காய்ந்த இலையில் புகைந்து, எல்லோரும் உள்ளே போன பிறகு பற்றும். கலவைப் பலகை சூட்டிலேயே இளகும். கீழே தரையில் கல் பாவிய இடத்தில், சுவரிலிருந்து தள்ளிப் புரொப்பேன் அடுப்பு வையுங்கள். குளிருக்காகக் கராஜுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது.

பூச்சும் பனிக்காலப் பராமரிப்பும்?

புது மரத்தில் நீர் தெளித்துப் பாருங்கள். துளியாக நின்றால் இன்னும் ஈரம், உறிஞ்சினால் பூசலாம். படலமாக நிற்கும் பெயின்ரைவிட உள்ளே ஊறும் ஸ்டெயின் நல்லது; பெயின்ற் உரிந்தால் சுரண்டாமல் வழியில்லை. பனியைப் பிளாஸ்டிக் மண்வெட்டியால், பலகை ஓடும் திசையில் தள்ளுங்கள். உப்பு ஆணியின் நாகப்பூச்சைத் தின்னும். இலையுதிர் காலத்தில் பலகை இடுக்குகளில் தங்கும் குப்பையைச் சுரண்டி எடுங்கள், முக்கியமாக லெட்ஜர் ஓரத்தில்.

வாங்கும் வீட்டில் பழைய டெக் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கைவிளக்கும் எடுத்து அடியில் போங்கள். லெட்ஜரில் போல்ட் தலைகள் தெரிகின்றனவா, ஆணி மட்டுமா? அதன் மேல் தகடு இருக்கிறதா? பிறகு தூணின் அடி, ஸ்ட்ரிங்கரின் அடி, பலகை ஒட்டுகளுக்குக் கீழே வரும் ஜாய்ஸ்ட் மேல்முனை என்று குத்திப் பாருங்கள். நல்ல மரம் நுனியைத் தடுக்கும். உக்கியது கால் அங்குலத்துக்கு மேல் உள்வாங்கும், நார் பிளக்காமல் பொடியாக உடையும். ஹாங்கரில் செந்துரு இருந்தால் மாற்ற வேண்டும். கடைசியாக மேலே வந்து கிராதித் தூண் ஒவ்வொன்றையும் இடுப்பால் தள்ளிப் பாருங்கள்.

ஒப்பந்தக்காரரின் விலைப்பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஃபுட்டிங்கின் அடி அகலமும் ஆழமும், ஜாய்ஸ்ட் அளவும் இடைவெளியும், வீட்டோடு இணைக்கும் முறை, ஃபிளாஷிங் எதனால் ஆனது, உலோகப் பொருள்களின் பூச்சு, கிராதித் தூண் பொருத்தும் விதம். "டெக் 12×16, கலவைப் பலகை, கறுப்புக் கிராதி" என்று ஒரே வரியில் முடிந்தால், மலிவாக்கும் இடம் எல்லாம் உங்களுக்குத் தெரியாத பகுதியில்தான் இருக்கும். அனுமதி எடுப்பவர் யார் என்று எழுத்தில் வாங்குங்கள். அனுமதி இல்லாமல் கட்டினால் நகராட்சி நடவடிக்கை எடுப்பது வீட்டுச் சொந்தக்காரர் மேல். பலகை அடிக்கும் முன் சட்டவேலையை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். வீடு விற்கும்போதும் உதவும். கடைசித் தவணையை நகராட்சியின் இறுதிப் பரிசோதனை முடிந்த பின் கொடுங்கள்.